ஆறாவது படியில் தண்ணீர்

2015 டிசம்பர் 1, செவ்வாய்க்கிழமை. இரவு பதினொன்றே முக்கால் இருக்கும். சென்னை ஜாபர்கான்பேட்டையிலிருந்து சித்தி போன் செய்தார். "பாப்பா, தண்ணி வாசலுக்கு வந்துடுச்சு. சித்தப்பாவை மாடிக்கு ஏத்தியாச்சு. நீ தூங்கு, காலையில பேசிக்கலாம்." நான் இருப்பது திருச்சி உறையூரில். இங்கே கரண்ட் இருந்தது, மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது.

எப்படித் தூங்குவது? ஒரு மணிக்கு நானே அழைத்தேன். மூன்றாவது படி என்றார். இரண்டரைக்கு ஆறாவது படி. அந்த மாடிப்படியை எனக்கு நன்றாகத் தெரியும். கோடை விடுமுறைக்குப் போனால் அதில்தான் உட்கார்ந்து தாயம் ஆடுவோம். மொத்தம் பதினெட்டுப் படி. ஆறாவது படி என்றால் கீழ் வீட்டில் பீரோவின் பாதி வரை தண்ணீர் நிற்கிறது என்று பொருள். மேலே அறை கிடையாது. மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் ஓர் ஆஸ்பெஸ்டாஸ் கொட்டகை, அவ்வளவுதான். அதற்குள் சித்தி, பக்கவாதம் வந்து ஒரு கால் இழுத்துக்கொண்ட சித்தப்பா, பக்கத்து வீட்டுக்காரர்கள் நாலு பேர். அந்த நாலு பேரில் ஒன்று கைக்குழந்தை.

எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். ஃபேஸ்புக்கிலும் ட்விட்டரிலும் சித்தியின் பெயர், முகவரி, கைபேசி எண் எல்லாவற்றையும் போட்டு, "அவசரம், படகு தேவை, தயவுசெய்து பகிரவும்" என்று எழுதினேன். விடிவதற்குள் முந்நூறு பேருக்கு மேல் பகிர்ந்திருந்தார்கள். ஒவ்வொரு பகிர்வையும் பார்க்கும்போது அழுகையாக வந்தது. இத்தனை பேர் இருக்கிறார்களே என்று நினைத்தேன்.

அந்த இத்தனை பேரும் காலை ஆறு மணியிலிருந்து சித்தியை அழைத்தார்கள். டெல்லி, துபாய், சிங்கப்பூர் என்று எங்கெங்கிருந்தோ. எல்லோருமே நல்ல மனசுக்காரர்கள். "அம்மா, பத்திரமா இருக்கீங்களா? படகு வந்துச்சா?" சித்தி யாரிடமும் முகம் சுளிக்கத் தெரியாதவர். ஒவ்வொருவருக்கும் முதலிலிருந்து கதை சொன்னார். அந்தப் பகுதியில் பல நெட்வொர்க் படுத்துவிட்டன. சித்தியின் சிம்மில் மட்டும் விட்டுவிட்டு சிக்னல் வந்தது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி கரையும், அதன் மேல் இத்தனை அழைப்புகள். ஒன்பதரைக்கு போன் அணைந்துவிட்டது. பத்தரை மணிக்கு மீனவர்கள் ஓட்டிவந்த படகு ஒன்று தெருமுனை வரை வந்தது. அதில் இருந்த தன்னார்வலர் வீட்டைக் கண்டுபிடிக்க சித்தியின் எண்ணை அழைத்திருக்கிறார். ஸ்விட்ச் ஆஃப். இவர்களை ஏற்கனவே யாரோ மீட்டுவிட்டார்கள் என்று நினைத்து அடுத்த தெருவுக்குப் போய்விட்டார்கள். சாயங்காலம் நாலு மணிக்கு, வேறொரு படகு தற்செயலாக அந்தப் பக்கம் வந்தபோதுதான் அவர்களை இறக்கினார்கள். ஐந்தரை மணி நேரம். கைக்குழந்தைக்குக் கொட்டகை ஓரம் வழிந்த மழைத்தண்ணீரைப் பிடித்துக் கொடுத்திருக்கிறார்கள்.

இதை யாரையும் குறை சொல்ல எழுதவில்லை. அந்த போனை அணைத்தது நான்தான். அன்று எனக்குத் தெரியாமல் போன ஒன்றை இன்று யாராவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் எழுதுகிறேன். மாட்டிக்கொண்டவரின் எண்ணைப் பொதுவில் போடாதீர்கள். உங்கள் எண்ணைப் போடுங்கள். கரண்ட் இருக்கிற ஊரில், சார்ஜ் இருக்கிற போனோடு, பதற்றம் குறைவாக இருப்பவர் நீங்கள். ஊர் உலகத்தின் கேள்விகளையெல்லாம் நீங்கள் வாங்கிக்கொள்ளுங்கள். உள்ளே இருப்பவரை ஒரே ஒருவர், சொல்லிவைத்த நேரத்தில், ஒரு நிமிடம் மட்டும் அழைக்கட்டும். மற்ற நேரத்தில் அவர் போனை அணைத்து வைக்கலாம். பேச்சு கிடைக்காதபோதும் எஸ்எம்எஸ் பல சமயம் போய்விடும். அதற்கு பேட்டரியும் அதிகம் ஆகாது. அந்த வாரம் எங்கள் உறவினர் சிலரிடம் பழைய பிஎஸ்என்எல் தரைவழி போன்தான் வேலை செய்தது. கைபேசி போனதும் யார் எண்ணும் யாருக்கும் மனப்பாடமாக இல்லை என்பது வேறு. ஐந்து எண்களைக் காகிதத்தில் எழுதி சுவாமி படத்துக்குப் பின்னால் செருகி வைப்பது இன்று எங்கள் குடும்பத்தில் வழக்கம்.

டிசம்பர் 2 அன்று சென்னையில் என்ன நடக்கிறது என்று சென்னைக்கே தெரியவில்லை. தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து விநாடிக்கு 29,000 கன அடி வரை திறக்கப்பட்டு, அடையாறு இரு கரையும் ஏறிவிட்டது. 1878ல் தொடங்கிய 'தி இந்து' நாளிதழ் அன்று சென்னையில் அச்சாகவில்லை. மறைமலை நகர் அச்சகத்துக்கு ஊழியர்களால் போய்ச் சேர முடியவில்லை. பேப்பர் இல்லை, டிவி ஓடக் கரண்ட் இல்லை. ட்விட்டரில் 'சென்னைரெயின்ஸ்ஹெல்ப்' என்ற ஹேஷ்டேக் ஓடிக்கொண்டிருந்தது. யார் யாரோ கூகுள் ஷீட், அதாவது பலரும் சேர்ந்து இணையத்தில் நிரப்பும் அட்டவணை, தொடங்கி, தங்க இடம் தருபவர்கள், சாப்பாடு தருபவர்கள், படகு கேட்பவர்கள் என்று நிரப்பிக்கொண்டிருந்தார்கள். சித்தி இறங்கிய செய்தி வந்ததும், பெங்களூரில் இருக்கும் கல்லூரித் தோழி மூலமாக நானும் அப்படி ஒரு ஷீட்டில் சேர்ந்தேன். பத்து நாள் அதிலேயே கிடந்தேன். நான் வேலை பார்க்கும் பள்ளிக்கு நாலு நாள் லீவு போட்டேன்.

ஷீட்டைத் திறந்ததும் தலை சுற்றியது. ஒரே குடும்பம் பதினாலு வரிசையில் இருந்தது. ஒவ்வொரு ஃபார்வர்டையும் ஒவ்வொருவர் புதிதாக ஏற்றியிருந்தார்கள். "இப்போதுதான் பேசினேன், மிக அவசரம்" என்று எழுதியிருக்கும். எப்போது 'இப்போது'? நேற்றா, முந்தாநாளா? நான் அழைத்த முதல் இருபது எண்களில் பதினொரு பேர் ஏற்கனவே பாதுகாப்பான இடத்துக்குப் போய்விட்டவர்கள். அவர்களைத் தேடிப் படகுகள் போய்த் திரும்பியிருந்தன. அந்த நேரத்தில் உண்மையாகவே மாடியில் நின்ற ஒருவருக்குப் படகு கிடைத்திருக்காது. இது எனக்கு மிகவும் உறுத்தியது. உதவி கேட்பதற்கு ஆயிரம் பேர் இருந்தார்கள். உதவி கிடைத்துவிட்டது என்று சொல்ல ஆளே இல்லை.

அப்புறம் எங்கள் குழு ஒரே ஒரு விதியை வைத்துக்கொண்டது. நேரம் இல்லாத செய்தியை ஏற்றுவதில்லை. எங்களில் ஓர் அக்கா, ஓய்வு பெற்ற தபால்துறை ஊழியர், செய்தி எப்படி இருக்க வேண்டும் என்று எழுதிக் காட்டினார். கிட்டத்தட்ட இப்படி இருந்தது:

"டிச. 3, காலை 9.40. சைதாப்பேட்டை, இன்ன தெரு, பிள்ளையார் கோயிலுக்கு எதிர் வீடு, முதல் மாடி, பச்சை கேட். 5 பேர். ஒருவர் 78 வயது, படுத்த படுக்கை, தூக்கித்தான் வர வேண்டும். தண்ணீர் நாலாவது படி, காலையிலிருந்து ஏறவில்லை. குடிநீர் இல்லை. நான் நேரடியாகப் பேசினேன். அடுத்து 11.30க்குப் பேசுவேன். கிடைத்ததும் இதே இடத்தில் சொல்கிறேன்." கீழே அவருடைய சொந்த எண்.

இதில் 'தயவுசெய்து பகிரவும்' இல்லை, கைகூப்பும் பொம்மை இல்லை. ஆனால் படகில் இருப்பவருக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது. கதவு எண்ணை வைத்துக்கொண்டு என்ன செய்வது, அது தண்ணீருக்குள் இருக்கிறது. பச்சை கேட்டின் மேல்பகுதி தெரியும், கோயில் கோபுரம் தெரியும். தூக்கித்தான் வர வேண்டும் என்று முன்பே தெரிந்தால் இரண்டு ஆள் கூடுதலாக ஏறிப் போவார்கள். 'அவசரம்' என்பதை எல்லோரும் எழுதுகிறார்கள், அதனால் அந்தச் சொல்லே செத்துவிடுகிறது. டயாலிசிஸ் எப்போது செய்ய வேண்டும், இன்சுலின் எத்தனை வேளைக்கு இருக்கிறது, பிரசவ தேதி என்ன, இதை எழுதினால் அவசரம் தானாகவே புரியும்.

பச்சை நிறம் அடிப்பதுதான் எனக்கு வந்த வேலை. முடிந்த வரிசையை உறுதிசெய்து பச்சையாக்க வேண்டும். கேட்கச் சாதாரண வேலை, நாளெல்லாம் அதுதான் ஓடியது. முடிந்ததும் எண்ணை அழித்துவிடுவோம். ஆனால் அதற்கு முன்பே வெளியே பரவிவிட்ட எண்களை யார் அழிப்பது? ஓர் இளம்பெண் குழந்தைக்குப் பால் பவுடர் கேட்டு எண் கொடுத்திருந்தார். மூன்று மாதம் கழித்தும் கண்ட கண்ட ஆண்கள் கண்ட நேரத்தில் அழைக்கிறார்கள் என்று சொன்னார். கடைசியில் எண்ணையே மாற்றிக்கொண்டார். சித்தி டிசம்பர் 7ஆம் தேதி எங்கள் வீட்டில் உட்கார்ந்து தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதும் ஒருவர் அழைத்து, "படகு அனுப்பட்டுமா அம்மா?" என்று கேட்டார். என் பழைய பதிவின் ஸ்கிரீன்ஷாட் அப்போதும் சுற்றிக்கொண்டிருந்தது. பதிவை நான் அழித்துவிட்டேன், ஸ்கிரீன்ஷாட்டை அழிக்க முடியாது. அதனால்தான் தேதியும் நேரமும் செய்தியின் உள்ளேயே, முதல் வரியிலேயே இருக்க வேண்டும் என்கிறேன்.

வதந்தி பற்றியும் சொல்ல வேண்டும். செம்பரம்பாக்கம் ஏரி உடைந்துவிட்டது, இன்னும் ஒரு மணி நேரத்தில் உங்கள் பகுதி மூழ்கும் என்று ஒரு குரல் பதிவு வந்தது. பேசியவர் உண்மையாகவே பயந்து பேசுகிறார், நடுங்குகிறது குரல். அதைக் கேட்டு ஒரு முதியோர் குடும்பம் பத்திரமான மாடியை விட்டு இறங்கி இடுப்பளவு தண்ணீரில் நடந்திருக்கிறது. ஏரியைத் திறந்துவிடுவது வேறு, ஏரி உடைவது வேறு. இந்த ஒரு சொல் மாறினால் மாடியில் இருப்பவர் எடுக்கிற முடிவே மாறிவிடுகிறது. முதலைப் பண்ணையிலிருந்து முதலைகள் தப்பிவிட்டன என்றும் வந்தது. பண்ணையே மறுத்தது. நாசா பெயரில் ஒரு மழைக் கணக்கு வந்தது, அதுவும் பொய். முதலில் நாங்கள் அந்தப் படத்தின் மேலேயே 'இது பொய்' என்று சிவப்பில் எழுதித் திருப்பி அனுப்பினோம். அது பெரிய தப்பு. பயந்துபோய் இருப்பவர் கண்ணில் முதலைதான் படும், சிவப்பு எழுத்து படாது. பிறகு மாற்றிக்கொண்டோம். பொய்யின் பெயரையே எடுக்காமல், "மதியம் 2.15 நிலவரம்: ஏரிக் கரை பத்திரமாக இருக்கிறது. மாடியில் இருப்பவர்கள் அங்கேயே இருங்கள். அடுத்த தகவல் 4 மணிக்கு" என்று நாங்களே உறுதிசெய்து எழுதினோம். நாலு மணிக்குச் சொல்லப் புதிதாக ஒன்றும் இல்லாவிட்டாலும், "மாற்றம் இல்லை" என்று சரியாக நாலு மணிக்கு அனுப்பிவிடுவோம். அந்த நேரம் தவறாமைக்காகத்தான் ஜனங்கள் எங்களை நம்பினார்கள் என்று நினைக்கிறேன்.

ஆனால் அந்தப் பத்து நாளில் எங்களுக்குத் தெரியாமலே ஒரு பெரிய பிழை செய்துகொண்டிருந்தோம். ஷீட்டில் கோட்டூர்புரம், வேளச்சேரி, மணப்பாக்கம் அடுக்குமாடிகள் வரிசை வரிசையாக இருந்தன. அடையாற்றுக் கரையோரக் குடிசைகள் ஏறக்குறைய இல்லவே இல்லை. அந்த ஜனங்களிடம் ஸ்மார்ட்போன் குறைவு. இருந்தாலும் ஆங்கில ஹேஷ்டேக் எங்கே தெரியும்? முதலில் அடித்துக்கொண்டு போனது அவர்கள் வீட்டைத்தான். ஷீட்டில் வரிசை இல்லாத இடத்தில் பிரச்சினை இல்லை என்று நாங்கள் எடுத்துக்கொண்டோம். ஆறாம் நாள் அங்கே சாப்பாடு கொண்டுபோன ஒரு தம்பி, "அக்கா, இங்க இருக்குறவங்க ஒருத்தர் பேருகூட நம்ம ஷீட்ல இல்ல" என்று சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது.

2018 நவம்பர் 16, கஜா புயல். இந்த முறை எங்கள் பக்கத்து மாவட்டங்கள். நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறி, பட்டுக்கோட்டை, பேராவூரணி, புதுக்கோட்டை வரை தென்னையைப் பிடுங்கிப் போட்டுவிட்டுப் போனது. மின்கம்பங்கள் ஒரு லட்சத்துக்கு மேல் சாய்ந்தன. டவர் இல்லை, கரண்ட் இல்லை. எங்கள் ஷீட் அங்கே செல்லாக்காசு. திருச்சியிலிருந்து வேன் வேனாக பிரெட்டும் மெழுகுவர்த்தியும் போயின. மெயின் ரோட்டில் இருக்கிற ஊருக்கு நாலு வேன், மூன்று கிலோமீட்டர் உள்ளே இருக்கிற ஊருக்கு ஒன்றும் இல்லை. நாங்கள் செய்தது இதுதான்: திரும்பி வருகிற ஒவ்வொரு வேன் டிரைவரையும் ஒரத்தநாட்டில் ஒரு டீக்கடையில் நிறுத்தச் சொல்லி, ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதச் சொன்னோம். எந்த ஊருக்குப் போனீர்கள், என்ன கொடுத்தீர்கள், அங்கே இன்னும் என்ன இல்லை, வழியில் யாரும் நிற்காத ஊர் எது. ராத்திரி அந்த நோட்டை போட்டோ எடுத்து, சிக்னல் கிடைக்கும் இடத்துக்கு வந்து குரூப்பில் போடுவார்கள். மறுநாள் போகிற வேன், "இங்கே போதும், அங்கே போங்கள்" என்பதைப் பார்த்துக் கிளம்பும். பிரெட்டுக்குப் பதில் தார்ப்பாயும் கொசுவர்த்தியும் நாப்கினும் ஏற ஆரம்பித்தது அந்த நோட்டால்தான். சமூக ஊடகம் என்றால் போனில் இருப்பது மட்டும் இல்லை என்று எனக்குப் புரிந்தது அங்கேதான்.

இதை நினைக்கும்போதெல்லாம் நல்லவாடு ஞாபகம் வரும். புதுச்சேரிப் பக்கத்து மீனவ கிராமம். 2004 சுனாமி அன்று, சிங்கப்பூரில் வேலை பார்த்த அந்த ஊர்ப் பையன் டிவியில் செய்தி பார்த்துவிட்டு வீட்டுக்கு போன் அடித்தார். ஊரில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிவைத்த தகவல் மையம் இருந்தது. தினம் அலை உயரமும் கடல் நிலவரமும் அறிவிக்க அங்கே ஒலிபெருக்கி உண்டு. மையத்தின் கதவை உடைத்துத் திறந்து மைக்கில் அறிவித்தார்கள். ஊரே ஓடித் தப்பித்தது. ஒரு வெளிநாட்டு போன், ஒரு மைக். அந்த மைக்கை ஜனங்கள் நம்பியதற்குக் காரணம், அது ஒவ்வொரு நாளும் உபயோகமான ஒன்றைச் சொல்லிக்கொண்டிருந்தது. நெருக்கடி வந்த பிறகு தொடங்குகிற வாட்ஸ்அப் குரூப்புக்கு அந்த நம்பிக்கை வராது. எங்கள் குழு இன்றும் மழைக்காலம் முழுவதும், வெயில் அடித்தாலும், காலை ஏழு மணிக்கு ஒரு வரி போடுகிறது.

2023 டிசம்பரில் அடுத்தடுத்து இரண்டு அடி விழுந்தது. மூன்றாம், நாலாம் தேதி மிக்ஜாம் புயல் சென்னையை மூழ்கடித்தது. அதில் நாங்கள் ஓரளவு தயாராக இருந்தோம். கைக்கு எட்டாமல் போனது அதற்குப் பிறகு வந்ததுதான். 17ஆம் தேதி தென் மாவட்டங்களில் பிடித்த மழை, காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. கொட்டியது. தாமிரபரணி கரை தாண்டியது. திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டத்தில் சுமார் 800 பயணிகளோடு நின்றுபோனது. எல்லா போனிலும் அந்த ரயில்தான். பக்கத்துப் புதுக்குடி ஜனங்கள் தங்கள் வீட்டு அரிசியைப் போட்டுப் பயணிகளுக்குச் சமைத்துக் கொடுத்தார்கள். அந்தச் செய்தியைப் படித்ததும் எனக்கு ஆற்றோரக் குடிசைகள்தான் நினைவுக்கு வந்தன. ரயில் நிற்காத ஊர்களில் என்ன நிலைமை?

அன்று நாங்கள் தலைகீழாக ஒரு ஷீட் தொடங்கினோம். உதவி கேட்பவர்களின் பட்டியல் இல்லை, பேச்சு வராத ஊர்களின் பட்டியல். சென்னை, திருப்பூர், மும்பை, வளைகுடா நாடுகளில் இருக்கும் அந்தப் பக்கத்துப் பிள்ளைகளிடம் ஒரே கேள்விதான் கேட்டோம்: உங்கள் ஊரிலிருந்து யாராவது கடைசியாக எப்போது பேசினார்கள்? ஒரு ஊருக்கு ஐந்து பேர் பதில் சொல்லி, ஐந்து பேருமே "ஞாயிற்றுக்கிழமை ராத்திரிக்கு அப்புறம் இல்லை" என்றால் அந்த ஊர் மேலே வரும். காலையும் மாலையும் அந்தப் பட்டியலை மாவட்டப் பேரிடர் உதவி எண்ணான 1077க்கும், படகோடு போகிற குழுக்களுக்கும் படித்துக் காட்டுவோம். அனுப்புவதோடு விடாமல் அழைத்துப் படித்துக் காட்டுவோம். அங்கே போன் எடுப்பவர்கள் மூன்று நாள் தூங்காதவர்கள். நீளமான செய்தியை அவர்கள் படிப்பார்கள் என்று எதிர்பார்ப்பது நியாயம் இல்லை. எங்கள் ஆட்களும் ஆறு மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து உட்காரக் கூடாது என்று வைத்திருந்தோம். 2015ல் நான் அதைச் செய்யாமல், ஒரு வாரத்துக்கு போன் மணி அடித்தாலே கை நடுங்கும் நிலைக்குப் போயிருந்தேன்.

அந்தப் பட்டியலில் தூத்துக்குடி மாவட்டத்து ஏரலுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். கேட்டவள் திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் பெண். அம்மாவும் அப்பாவும் மட்டும் அங்கே. 18ஆம் தேதி காலை அவள் வரிசையை நான்தான் ஏற்றினேன். தினம் இரண்டு முறை பேசுவோம், பெரும்பாலும் சொல்ல ஒன்றும் இருக்காது. "இன்னைக்கு உங்க ஊர்ப் பக்கம் ஒரு படகு போயிருக்கு, திரும்பினதும் சொல்றேன்மா" என்பேன். "சரிங்கக்கா" என்பாள். 22ஆம் தேதி காலை ஏழு மணிக்கு அவளே அழைத்தாள்.

"அக்கா, அம்மா பேசிட்டாங்க! பள்ளிக்கூடத்துல இருக்காங்களாம். போனு தண்ணில போயிடுச்சாம், வேற யாரோ போன்ல இருந்து பேசினாங்க. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. மாட்டைத்தான் காணோமாம், அப்பா சாப்பிடாம உக்காந்திருக்காராம்."

"டிச. 22, காலை 7.10. பேசியாச்சு. இருவரும் நலம், பள்ளியில் இருக்கிறார்கள்" என்று எழுதி வரிசையைப் பச்சையாக்கினேன். எண்ணை அழிக்கப் போனேன்.

"அக்கா, மாட்டுக்கு வேற ஷீட் இருக்கா?" என்று கேட்டாள்.

இல்லை. அன்று காலையே ஒன்று திறந்தோம்.